முசந்தத்தின் ‘ஃபியார்டுகள்’: பனியாறு காணாத பள்ளத்தாக்குகளில் ஒரு பகல் படகுப் பயணம்

துபாய், ஷார்ஜா வட்டாரத்தில் வாழும் தமிழர்களுக்கு முசந்தம் படகுப் பயணம் பற்றிய விளம்பரம் புதிதன்று. வெயில் தணிந்து அக்டோபர் பிறந்ததும், அரேபியாவின் நார்வே என்றும் பாலைவனத்து ஃபியார்டுகள் என்றும் பாரம்பரிய டவ் படகு என்றும் அடைமொழிகளோடு அது கண்ணில் படத் தொடங்கும். படிப்பவர் மனத்தில் நியாயமாகவே சில ஐயங்கள் எழும். பள்ளிப் புவியியல் பாடத்தில் பனி நாடுகளுக்கு உரியதாகப் படித்த ஃபியார்டு, மழையே அரிதான அரேபியாவில் எப்படி வந்தது? ஓமான் நாட்டில் இருப்பதாகச் சொல்லப்படும் இடத்துக்கு மஸ்கட் பக்கம் போகாமல் அமீரகத்தின் ராஸ் அல் கைமா வழியாக ஏன் போகவேண்டும்? டவ் என்பது எந்தப் படகின் பெயர்?

இந்த ஐயங்களுக்கெல்லாம் மூலம் ஒன்றே. பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவர்கள் வைத்தவை. அந்த நிலத்தையும் நீரையும் படகையும் அங்கே வாழ்பவர்கள் வேறு பெயர்களால் அழைக்கிறார்கள். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போனால், நார்வேயோடு ஒப்பிடும்போது தெரியாமல் போகிற ஒரு நிலவரலாறு தெரியவரும்.

முசந்தம் எங்கே இருக்கிறது

பாரசீக வளைகுடாவும் ஓமான் வளைகுடாவும் சந்திக்கும் இடத்தில், ஈரானை நோக்கிக் கொம்புபோல் நீண்டிருக்கும் நிலமுனைதான் முசந்தம். அதற்கும் ஈரானுக்கும் நடுவே இருப்பது ஹோர்முஸ் நீரிணை; அதன் மிகக் குறுகிய பகுதியின் அகலம் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. முசந்தம் ஓமானின் ஓர் ஆளுநரகம், அதாவது நம் மாநிலம்போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. ஆனால் ஓமானின் மற்றப் பகுதிகளோடு அதற்கு நிலத்தொடர்பு இல்லை. இடையில் ஐக்கிய அரபு அமீரகம் குறுக்கிடுகிறது. ஒரு நாட்டின் நிலம் இப்படித் தாய்நிலத்திலிருந்து அறுபட்டு, வேற்று நாட்டுக்கு அப்பால் கிடந்தால் அதைப் புறநிலம் என்று சொல்லலாம்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் பழங்குடிகளின் விசுவாசம். மலைகளில் வாழ்ந்த ஷிஹு மக்கள் மஸ்கட் சுல்தானை ஏற்றுக்கொண்டவர்கள். அண்டைக் கடற்கரையின் ஷேக்குகளோ தனித்தனி ஆட்சியாளர்கள். அந்த ஷேக்குகளின் நாடுகள் 1971இல் அமீரகமாக ஒன்றிணையத் தொடங்கியபோது, முசந்தம் சுல்தானிடமே நின்றது. வரைபடத்தை இன்னும் உற்றுப் பார்த்தால் விந்தை கூடும். முசந்தம் ஆளுநரகத்தைச் சேர்ந்த மதா என்ற சிற்றூர்ப் பகுதி அமீரக நிலத்துக்குள் தனித்தீவாகக் கிடக்கிறது. அந்த மதாவுக்குள்ளேயே ஷார்ஜாவுக்குச் சொந்தமான நஹ்வா என்ற ஊர் இருக்கிறது.

முசந்தத்தின் தலைநகர் கஸப். செழிப்பு என்னும் பொருள் தரும் பெயர் அது. மலைகளிலிருந்து இறங்கும் வறண்ட ஆற்றுப்படுகை கொண்டுவந்து கொட்டிய வண்டலில் பேரீச்சந்தோப்புகள் வளர்ந்திருக்கின்றன. போர்த்துகீசியர் காலத்துக் கோட்டை ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. பகல் படகுகள் புறப்படுவது இந்த ஊரின் துறைமுகத்திலிருந்துதான்.

ஃபியார்டு என்பது எது

ஃபியார்டு நார்வே மொழிச் சொல். புவியியலில் அதற்குத் திட்டமான வரையறை உண்டு: பனியாறு செதுக்கிய பள்ளத்தாக்கில் கடல் புகுந்து நிறைந்தால் அது ஃபியார்டு. பனியாறு என்பது மலைச்சரிவில் தன் எடையாலேயே மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள். அது கற்களை அடியில் பற்றிக்கொண்டு இழைப்புளிபோல் தரையைத் தேய்த்துச் செல்கிறது. எனவே அது விட்டுச்செல்லும் பள்ளம் நம் ‘ப’ எழுத்தின் வடிவில் இருக்கும். பக்கங்கள் செங்குத்தாகவும் அடி தட்டையாகவும் அமையும்.

இதனினும் முக்கியமான அடையாளம் ஆழத்தில் இருக்கிறது. பனியாறு மலைக்குள் தடித்தும், கடலை எட்டும் இடத்தில் மெலிந்தும் இருப்பதால், உள்ளே மிக ஆழமாகவும் முகப்பில் குறைவாகவும் தோண்டுகிறது. நார்வேயின் சோக்னே ஃபியார்டு உள்ளே 1,300 மீட்டருக்கும் மேல் ஆழமானது. கடலில் கலக்கும் இடத்திலோ வாசற்படி வைத்ததுபோல் ஒரு மேடு. இந்த வாசற்படியால் அடிநீர் வெளிக்கடலோடு எளிதில் கலப்பதில்லை.

முசந்தத்தின் நீர்ப்பள்ளங்களைச் செதுக்கியது பனியாறன்று, மழைவெள்ளம். ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு, நிலம் தாழ்ந்தோ கடல் உயர்ந்தோ நீரில் மூழ்கினால் அதற்குப் புவியியலில் ரியா என்று பெயர். ஸ்பெயினின் வடமேற்கில் உள்ள கலீசியா மக்கள் தங்கள் கடற்கழிகளை அழைக்கும் சொல்தான் அறிவியலுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகமும் இத்தகைய ரியாதான். ஆறு தோண்டும் பள்ளம் அடியில் கூம்பியிருக்கும். கிளையாறுகள் வந்து சேர்வதால் மரக்கிளைபோல் பல கவடுகளாகப் பிரியும். கடலை நோக்கிப் போகப்போக ஆழம் கூடும். வாசற்படி மேடு இராது. முசந்தத்தின் வரைபடத்தை மேலிருந்து பார்க்கும் எவருக்கும் அந்தக் கவடுகள் உடனே தெரியும்.

அரபியில் இவற்றைக் கோர் என்கிறார்கள். கடல் நிலத்துக்குள் புகுந்திருக்கும் கழி என்பது அதன் பொருள். அமீரகத்தில் இருப்பவர்களுக்குக் கோர்ஃபக்கான் என்ற ஊர்ப்பெயரில் இந்தச் சொல் ஏற்கெனவே அறிமுகம். பனி என்ற எண்ணமே அந்தச் சொல்லில் இல்லை. இந்தக் கடற்கரைக்கு அதுவே சரியான பெயர்.

மலை எப்படி நீருக்குள் இறங்கியது

முசந்தத்து மலைகளுக்கு ரூஸ் அல் ஜிபால் என்று பெயர். ராஸ் அல் கைமாவில் வரும் ராஸ் என்ற சொல்லின் பன்மை ரூஸ். எனவே மலைத்தலைகள் என்று பெயர்த்துக்கொள்ளலாம். நீருக்கு மேலே நிற்பவை தலைகள் மட்டுமே என்பதால் பெயர் மிகப் பொருத்தம். உடல் நீருக்கடியில் போன கதையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இந்த மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையும் டோலமைட்டும் ஆனவை. டெத்திஸ் என்று நிலவியலாளர் அழைக்கும் பழங்கடலின் ஆழமற்ற விளிம்பில், கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிப்பி, பவளம் போன்ற உயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து பாறையானவை. 2,087 மீட்டர் உயரமுள்ள ஜெபல் ஹரீம் மலையின் மேற்சரிவுகளில் கடலுயிர்களின் புதைபடிவங்களை இன்றும் பாறைப் பரப்பில் காணலாம்.

2. அரேபியக் கண்டத்தட்டு யூரேசியத் தட்டை நோக்கி ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்கிறது. மேற்கே இரண்டு தட்டுகளும் மோதி ஈரானின் ஸாக்ரோஸ் மலைகளை உயர்த்தியிருக்கின்றன. கிழக்கே ஓமான் வளைகுடாவின் கடற்தரை, ஈரானிலும் பாகிஸ்தானிலும் நீளும் மக்ரான் கடற்கரைக்கு அடியில் புதைந்து செல்கிறது. முசந்தம் இந்த இரண்டு நிகழ்வுகளும் சந்திக்கும் திருப்பத்தில் அமைந்திருக்கிறது. முதலில் மடிந்து உயர்ந்த அந்த நிலம், பிறகு வடகிழக்கு நோக்கிச் சாய்ந்து தாழத் தொடங்கியது.

3. மழை அதிகமாகப் பெய்த காலங்களில் வெள்ளம் மலைகளை அறுத்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கியது. வறண்ட ஆற்றுப்படுகையை அரபியில் வாதி என்பார்கள். இன்று கஸப்புக்குப் பின்னால் வாகனம் ஓட்டிச்செல்லும் வாதிகளும், படகில் செல்லும் கோர்களும் ஒரே வகைப் பள்ளத்தாக்குகள். ஒன்றில் தரை தெரிகிறது. மற்றதில் தரை நீருக்கடியில் இருக்கிறது.

4. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழம் 35 மீட்டர் அளவே. ஆகவே அன்று வளைகுடா என்று ஒன்றே இல்லை. டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளின் நீர் ஒரு சமவெளியினூடே ஓடி, இன்றைய ஹோர்முஸ் வழியாகக் கடலை அடைந்தது. இன்று எண்ணெய்க் கப்பல் மிதக்கும் இடத்தில் அன்று மனிதர் நடந்தே கடந்திருக்கலாம்.

5. பனிப்படலங்கள் உருகியபோது கடல் உயர்ந்து, சமவெளியை மூடி, ஏற்கெனவே தாழ்ந்துகொண்டிருந்த வாதிகளுக்குள் புகுந்தது. இன்றைய கோர்கள் பிறந்தன.

நான்காவது, ஐந்தாவது படிகளில் பனிக்குப் பங்கு இருப்பதைக் கவனிக்கவேண்டும். உலகின் வேறெங்கோ உருகிய பனி இந்தப் பள்ளத்தாக்குகளை நிரப்பியது. செதுக்கிய வேலையில் மட்டும் அதற்குப் பங்கில்லை.

படகிலிருந்து இது எப்படித் தெரியும்

வரையறையைத் திருத்துவதால் பயணிக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். ஃபியார்டு என்று எதிர்பார்த்துப் போகிறவர் அருவியையும் பசுமையையும் தேடுவார். இரண்டும் அங்கே கிடையாது. மூழ்கிய வாதி என்று அறிந்து போகிறவருக்குக் கண்முன் இருப்பதெல்லாம் பொருள்படத் தொடங்கும்.

முதலில் பார்க்கவேண்டியது கரைப்பாறையின் அடுக்குகள். சாம்பலும் பழுப்புமாய், அடுக்கிவைத்த ஏடுகள்போல் படலம் படலமாக இருக்கும் பாறை, பல இடங்களில் சாய்ந்து நேராக நீருக்குள் இறங்குகிறது. கரை என்று நிற்க இடமே இராது. நீர்மட்டத்தை ஒட்டிப் பாறை உட்புறமாகக் குடைந்திருப்பதையும் காணலாம். சுண்ணாம்புப் பாறை நீரில் கரையக்கூடியது. அதைத் துளைத்தும் சுரண்டியும் வாழும் சிற்றுயிர்கள் நீர்மட்டத்தில் நெருக்கமாக இருப்பதால், அந்தக் கோட்டில் மட்டும் பாறை விரைவாகத் தேய்கிறது. படகு பாறையை ஒட்டிப் போகும்போது, மேலே வெண்மையாய் உலர்ந்த சுவரும், அதற்குக் கீழே ஈரத்தில் கறுத்த ஒரு பட்டையும், அதன் அடியில் நிழல் விழுந்த குடைவும் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

இரண்டாவது, நீரின் அமைதி. கஸப்புக்குக் கிழக்கே திறக்கும் கோர் ஷம், சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைகளுக்குள் வளைந்து செல்கிறது. வளைகுடாவில் ஷமால் என்னும் வடமேற்குக் காற்று வீசி வெளிக்கடல் கொந்தளிக்கும்போதும், வாய் குறுகி உடல் நெளிந்த இந்தக் கழியில் அலை எழும்புவதில்லை. குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகும் குடும்பங்களுக்கு இந்தப் பயணம் ஒத்துவருவதற்குக் காரணம் படகோட்டியின் திறமையைவிட இந்த வளைவுகளே.

மூன்றாவது, நன்னீர் இல்லாமை. நார்வே ஃபியார்டுகளில் மேலடுக்கில் ஆற்றுநீர் மிதக்கும். முசந்தத்தில் கழிக்குள் பாயும் ஆறில்லை, ஆவியாதலே அதிகம். வளைகுடா முழுவதற்கும் இது பொருந்தும். பெருங்கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருந்தால், வளைகுடா நீரில் 40 கிராம் அளவுக்கு உண்டு. உப்பு மிகுந்து கனத்த நீர் ஹோர்முஸின் அடியாழத்தில் வெளியே செல்ல, அதற்கு ஈடாக இந்தியப் பெருங்கடலின் நீர் மேற்பரப்பில் உள்ளே வருகிறது.

கழிக்குள் வாழும் ஊர்கள்

நிலம் மூழ்கியதன் மிகப் பெரிய விளைவு மனித வாழ்க்கையில் தெரிகிறது. பள்ளத்தாக்கின் தரை நீரில் போனதால், நடைபாதை போகக்கூடிய இடமெல்லாம் போய்விட்டது. கோர் ஷம் ஓரத்தில் நதீஃபி, கனஹா, மக்லப், சீபி, ஷம் என்று சிற்றூர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மலையடியில் ஒட்டிய சில வீடுகள். அவற்றுக்குச் சாலை கிடையாது. படகு ஒன்றே வழி. மீன்பிடி தொழில், குடிநீரும் படகில் வந்து சேர்ந்தது. சுற்றுலாப் படகு தொலைவில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். அந்த வீடுகளில் மனிதர் வசிக்கிறார்கள் என்ற நினைவோடு படமெடுப்பது நல்லது.

கழிக்கு வெளியே, நீரிணையைப் பார்த்திருக்கும் கும்ஸார் என்ற ஊர் இன்னும் தொலைவு. அங்கே பேசப்படும் கும்ஸாரி, ஈரானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அரபி நாட்டில் வாழ்ந்து அரபிச் சொற்களை ஏராளமாக ஏற்றுக்கொண்டது. சில ஆயிரம் பேர் மட்டுமே பேசுவது. கடல் வழியன்றிச் செல்ல முடியாத ஊராக இருந்ததும் அம்மொழி இதுவரை பிழைத்திருக்க ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. கோடையில் கும்ஸார் மக்கள் பேரீச்சை அறுவடைக்காகக் கஸப்புக்கு வந்து தங்குவது நெடுநாள் வழக்கம்.

மலைமேல் வாழ்ந்த ஷிஹு மக்களிடமும் இதேபோன்ற இடப்பெயர்ச்சி உண்டு. மழைக்காலத்தில் மலையில் தானியம் விளைவித்து, கோடையில் கடற்கரைக்கு இறங்குவார்கள். விட்டுப்போகும் வீட்டைக் காக்க அவர்கள் கண்ட முறை தனித்துச் சொல்லத்தக்கது. பைத் அல் குஃப்ல், அதாவது பூட்டு வீடு என்று அதற்குப் பெயர். தரைமட்டத்துக்குக் கீழே குழி தோண்டி, தடித்த கற்களால் சுவர் எழுப்பி, குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சிறு கதவு வைப்பார்கள். தானியமும் பேரீச்சையும் சேமிக்கும் பெரிய மண்தாழிகளை முதலில் உள்ளே இறக்கிவைத்துவிட்டுத்தான் வீட்டைக் கட்டி முடிப்பார்கள். தாழியின் அகலம் கதவைவிடப் பெரிது. ஆகவே வீட்டை இடிக்காமல் தாழியை எவராலும் தூக்கிச்செல்ல முடியாது.

தந்தித் தீவு

பகல் படகுகள் தவறாமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு. கோர் ஷம் நடுவே, கல்லெறி தொலைவில் சுற்றிவிடக்கூடிய ஒரு சிறு பாறைத்தீவு. உள்ளூர்ப் பெயர் மக்லப். சுற்றுலாப் பெயர் டெலிகிராஃப் ஐலண்ட்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு, இலண்டனிலிருந்து இந்தியாவுக்கு விரைவாகச் செய்தி அனுப்ப வழி வேண்டும் என்ற அவசரம் ஆங்கிலேயருக்கு வந்தது. செங்கடல் வழியாக இட்ட கம்பி சீக்கிரமே செயலிழந்தது. எனவே 1864இல் பாரசீக வளைகுடா வழியாகக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது: இன்றைய பாகிஸ்தானின் குவாதரிலிருந்து முசந்தம், ஈரானின் புஷேர் வழியாக ஈராக்கின் ஃபாவ் வரை. குவாதரிலிருந்து கராச்சிக்குத் தரைவழிக் கம்பி. கம்பி நீண்டுகொண்டே போனால் மின்குறி வலுவிழந்துவிடும். ஆகவே இடையிடையே நிலையம் வைத்து, அங்கிருக்கும் பணியாளர் வந்த குறியைப் படித்து மீண்டும் அனுப்பவேண்டும். அத்தகைய ஓர் இடைநிலையம்தான் இந்தத் தீவில் அமைந்தது. கம்பியைக் கடல்நீரிலிருந்து காத்தது மலாய்க் காடுகளின் கட்டாபெர்ச்சா மரத்துப் பால்.

நிலப்பகுதியில் அமைக்காமல் தீவில் அமைத்ததற்கு, உள்ளூர்க் குடிகளின் எதிர்ப்பைப் பற்றிய அச்சம் காரணம். ஆனால் சுற்றிலும் கல்மலை, காற்று நுழையாத கழி, கோடையில் இரவிலும் ஆறாத வெப்பம். பகலெல்லாம் காய்ந்த சுண்ணாம்புச் சுவர்கள் இரவு முழுவதும் அந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். பயணிக்குக் குளிர்காலத்தில் இதமாக இருக்கும் அதே அடைப்பு, ஆண்டு முழுவதும் அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு வதையாக இருந்தது. 1860களின் இறுதிக்குள் நிலையம் கைவிடப்பட்டது. அடித்தளச் சுவர்களும் படிகளுமே பின்னாளில் எஞ்சின.

பைத்தியம் பிடித்தலைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘வளைவைச் சுற்றிப் போதல்’ என்றொரு வழக்கு உண்டு. இந்தத் தீவின் தனிமையில் மனம் பேதலித்து, ஹோர்முஸ் வளைவைச் சுற்றி ஊர்போகத் துடித்தவர்களிடமிருந்து அது பிறந்ததாக வழிகாட்டிகள் சொல்கிறார்கள். நம்பத்தக்க சான்று இதற்கு இல்லை. கட்டுக்கதை சேர்க்காமலே அந்த நிலையத்தின் வரலாறு போதுமான அளவு துயரமானது.

பழைய வரைபடங்களில் கோர் ஷமுக்கு எல்ஃபின்ஸ்டன் கழி என்றும், குறுகிய ஒரு மலைமுதுகுக்கு அப்பால் கிழக்கே திறக்கும் கழிக்கு மால்கம் கழி என்றும் பெயர் போட்டிருக்கும். எல்ஃபின்ஸ்டனும் மால்கமும் 1819 முதல் 1830 வரை அடுத்தடுத்துப் பம்பாயை ஆண்ட ஆளுநர்கள்.

டவ் என்ற பெயரும் அதற்குள் இருக்கும் படகுகளும்

டவ் என்பது தனியொரு படகின் பெயராக அரபு மாலுமிகள் வழங்கும் சொல்லன்று. மேற்கு இந்தியப் பெருங்கடலில் ஓடிய மரக்கலங்கள் அனைத்துக்கும் ஐரோப்பியர் பொதுவாக ஒட்டிய முத்திரை அது. கலங்களைக் கட்டியவர்களுக்கும் ஓட்டியவர்களுக்கும் ஒவ்வொன்றும் தனி: பின்பகுதி சதுரமாய் வெட்டியது சம்பூக், இருமுனையும் கூர்மையானது பூம், முசந்தத்துக்கே சிறப்பானவை பத்தீல், ஸரூகா. பத்தீலின் பின்தூண் உயர்ந்து நிற்கும். அதில் சோழிகளைக் கோத்து அழகு செய்வார்கள். பலகைகள் சேரும் முனைகளில் கயிற்றால் தைக்கும் பழைய முறை அண்மைக்காலம் வரை இங்கே விடாமல் தொடர்ந்தது.

தைத்த கப்பல் என்பது இந்தக் கடலின் பழமையான தொழில்நுட்பம். 13ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆணியே இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த கப்பல்களைக் கண்டு அஞ்சி, அவற்றில் பயணம் செய்வது ஆபத்து என்று எழுதிவைத்தார். அவருடைய அச்சம் ஓரளவு அறியாமையால் வந்தது. தைத்த கலம் நெகிழும் தன்மையுடையது. மணற்கரையில் மோதினாலும் உடையாமல் வளைந்துகொடுக்கும். பழுதான பலகையை மட்டும் பிரித்து மாற்றலாம். தையல் பிடித்த கலம் பெருங்கடலைத் தாண்டும் என்பதற்கு இக்காலத்திலும் சான்று உண்டு. 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் எச்சங்களைப் பார்த்து ஓமானில் தைத்துக் கட்டிய ‘மஸ்கட்டின் மணி’ என்னும் கப்பல், 2010இல் கொச்சியிலும் இலங்கையின் காலி துறைமுகத்திலும் நின்று சிங்கப்பூர் வரை ஓடிச் சேர்ந்தது.

அரேபியாவில் கப்பலுக்கான மரமில்லை. தேக்கும் அயினியும் தேங்காய் நாரும் மலபாரிலிருந்து சென்றன. அந்தப் போக்குவரத்து தமிழிலும் தடம் பதித்திருக்கிறது. மாலுமி என்ற நம் சொல் அரபியின் முஅல்லிம் என்பதிலிருந்து வந்தது. கப்பல் தலைவரைக் குறிக்கும் நகுதா, சோழமண்டலக் கரையின் முஸ்லிம் ஊர்களில் வழங்கிய சொல்.

கட்டும் முறையும் நமக்கு அந்நியமானதன்று. முதலில் வெளிப்பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து உடலை உருவாக்கிவிட்டு, அதற்குப் பிறகே உள்விலாக்களைப் பொருத்துவது அரபு மரபு. வரைபடம் கிடையாது; தலைமை ஓடாவியின், அதாவது படகு கட்டும் தச்சரின், கண்ணளவே அளவு. இரண்டு பலகைகளுக்கு இடையிலான இடுக்கில், எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை உளி போன்ற கருவியால் தட்டித்தட்டித் திணிப்பார்கள். இதைத் தமிழில் கலப்பற்றுதல் என்போம். படகு நீரில் இறங்கியதும் பலகை ஊறிப் பருத்து, திரியை இறுக்கி, இடுக்கை முற்றிலும் அடைத்துக்கொள்ளும். நீர்மட்டத்துக்குக் கீழே சுண்ணாம்பும் விலங்குக் கொழுப்பும் குழைத்த வெள்ளைப் பூச்சு. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவைத் தடுப்பது அதன் வேலை. சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே ஓடும் படகின் அடிவயிற்றிலும் சுண்ணாம்பு.

இன்று பயணிகளை ஏற்றும் படகு பாய் விரிப்பதில்லை. டீசல் எஞ்சினில் ஓடுகிறது. மேல்தளத்தில் கம்பளமும் திண்டுகளும் விரித்து, வெயிலுக்குக் கூரை கட்டியிருப்பார்கள். மரம் போலத் தோன்றும் எல்லாப் படகும் மரமன்று. கண்ணாடியிழையில் வார்த்தவையும் உண்டு. மரபுப் படகு என்று கேட்டுப் பணம் கட்டுகிறவர், கட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஓங்கில்கள்

பயணத்தில் பலரும் எதிர்பார்ப்பது ஓங்கில்களை, அதாவது டால்பின்களை. கழிக்குள் காணப்படும் இந்தியப் பெருங்கடல் கூன்முதுகு ஓங்கில் நம் கரையோரக் கடல்களிலும் வாழ்வது. அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைப் பட்டியலிட்டிருக்கிறது. கரையை ஒட்டிய ஆழமற்ற நீரை விட்டு அது விலகாததால், மனித நடமாட்டத்தின் தொல்லை முழுவதும் அதன் தலையில் விழுகிறது.

ஓங்கில்கள் சில வேளை படகின் முன்முனையை ஒட்டி நீந்தும். முன்முனை நீரைத் தள்ளும்போது எழும் அழுத்த அலை அவற்றை முன்னே உந்திச் செல்வதால், குறைந்த உழைப்பில் விரைய முடிகிறது. படகோட்டிகள் சீழ்க்கையடித்தும் கைதட்டியும் அவற்றை அழைப்பதாகச் சொல்வார்கள். படகு ஒரே வேகத்தில் நேராகப் போனால், வருவதும் விலகுவதும் ஓங்கிலின் விருப்பம். பல படகுகள் வளைத்துக்கொண்டு துரத்தினால், குட்டியோடு இருக்கும் தாய்க்கு ஓய்வும் பாலூட்டும் நேரமும் பறிபோகின்றன. துரத்தவேண்டாம் என்று பயணிகளே படகோட்டியிடம் சொல்வதில் தவறில்லை, சொல்லவேண்டும்.

கஸப்பா, திப்பாவா

முசந்தம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பயணங்கள் விற்கப்படுவது பலருக்குத் தெரிவதில்லை. ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது.

1. கஸப் பயணம் மேற்குக் கரையிலிருந்து தொடங்குவது. ராஸ் அல் கைமா வழியாக வடக்கே சென்று, எல்லையைக் கடந்து, மலைக்கும் கடலுக்கும் நடுவே வெட்டிய சாலையில் கஸப்பை அடையவேண்டும். இதுவரை விவரித்த கோர் ஷம், தந்தித் தீவு, கழியோர ஊர்கள் எல்லாம் இதில் அடங்கும். முழு நாள் பயணம் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும்.

2. திப்பா பயணம் கிழக்குக் கரையில், ஓமான் வளைகுடாவில் நடப்பது. திப்பா ஒரே ஊர்போல் தோன்றினாலும் மூன்று ஆட்சிகளுக்குப் பிரிந்தது: ஒரு பகுதி ஃபுஜைராவுக்கு, ஒன்று ஷார்ஜாவுக்கு, மூன்றாவது ஓமானுக்கு. துபாயிலிருந்து இது சுலபமாகச் சென்றுவரத் தக்கது. செங்குத்தான கரைமலைகளும் குகைகளும் சிறு விரிகுடாக்களும் உண்டு. ஆனால் நிலத்துக்குள் ஆழமாக நெளிந்து செல்லும் கழிகள் வடக்கே தொலைவில் இருப்பதால், ஒரு நாள் படகு அவற்றை எட்டுவதில்லை. திறந்த கடல் என்பதால் காற்று நாட்களில் ஆட்டமும் இருக்கும்.

இரண்டிலும் ஓமான் எல்லைக்குள் நுழைகிறோம். கடவுச்சீட்டும் வசிப்புரிமை ஆவணமும் கட்டாயம் கையில் இருக்கவேண்டும். நுழைவு விதிகள் குடியுரிமை, வசிப்புரிமை, செல்லும் வழி ஆகியவற்றைப் பொறுத்து மாறுபடுபவை, அவ்வப்போது திருத்தப்படுபவை. எனவே பழைய அனுபவத்தை நம்பாமல், புறப்படும் வாரத்தில் ஓமான் அரசின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. சொந்த வாகனத்தில் செல்வோர் தங்கள் காப்பீடு ஓமானுக்குள் செல்லுமா என்பதையும் உறுதிசெய்யவேண்டும்.

நீரிணை செய்தியில் வரும்போது

உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஹோர்முஸ் வழியாகச் செல்லும் வழக்கம் உள்ளதால், அங்கே பதற்றம் எழும்போதெல்லாம் முசந்தம் என்ற பெயரும் செய்தியில் அடிபடும். பெருங்கப்பல்களுக்கான வழித்தடம் முசந்தத்தின் வடமுனைக்கு அப்பால், ஓமானின் கடற்பரப்பில் அமைந்திருக்கிறது. உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனி வழிகள். ஒவ்வொன்றும் 2 கடல்மைல் அகலம், இடையே 2 கடல்மைல் இடைவெளி. கோர் ஷமுக்குள் போகும் படகு இந்த வழித்தடத்தின் அருகே செல்வதில்லை. நடுவே மலைத்தொடர் நிற்பதால் கப்பல்கள் கண்ணுக்கே தெரியா. கும்ஸார் செல்லும் நீண்ட பயணமோ கழியை விட்டு நீரிணையின் கரைக்கே வெளியேறுகிறது. ஆகவே பதற்றமான நாட்களில் இரண்டும் ஒன்றல்ல. முன்பதிவு செய்யும்போது படகு எந்தக் கோருக்குள் போகிறது, அதன் வாயைத் தாண்டி வெளியே செல்லுமா என்ற இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.